துல்லியமான தவறு: காந்த உணரிகளும் நம் அளவைச் சொற்களும்



இயந்திரங்களில் இடத்தை அளக்கும் காந்த உணரிகளைப் பற்றி மொழியியல் படித்தவன் பேச வருவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், தலைப்பில் அச்சுப்பிழை நேர்ந்துவிட்டதோ என்று தொலைபேசியில் கேட்டார். அச்சுப்பிழை அன்று. எனினும் இவ்வுரை ஒரு பிழையிலிருந்து பிறந்ததுதான். அப்பிழையில் எனக்கும் பங்குண்டு. ஆதலின் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் இளைஞர் சொன்ன வாக்கியம்

ஜுருவின் பழைய முகம் தோட்டம். இன்றைய முகம் தொழிற்சாலை. 1972ஆம் ஆண்டில் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கியபோது இன்டெல், ஹியூலெட் பேக்கர்ட், பாஷ் முதலிய நிறுவனங்கள் வந்தன. பெருநிலத்திலும் பிறை, புக்கிட் தெங்கா, புக்கிட் மின்யாக், பத்து காவான் எனத் தொழிற்பேட்டைகள் நம் வாசலுக்கே வந்துவிட்டன. 2023இல் பாஷ் நிறுவனம் சில்லுகளையும் உணரிகளையும் சோதிக்கும் நிலையம் ஒன்றைப் பினாங்கில் திறந்தது. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இத்தகைய ஆலைகளில் இயந்திரங்களைப் பராமரிக்கிறார்கள்.

அவர்களுள் ஒருவர் என் அண்டை வீட்டு இளைஞர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப் பள்ளி முடித்து, தொழிற்பயிற்சி பெற்றவர். அவர் பணியாற்றிய ஆலையில் ஒரு சுழல்மேசை இருந்தது. எட்டு நிலையங்களைக் கொண்ட வட்ட மேசை. ஒவ்வொரு நிலையத்திலும் மேசை நின்றதும் மேலிருந்து ஒரு கருவி இறங்கிப் பாகத்தில் வேலை செய்யும். மேசையின் மையத்திலிருந்து பாகம் இருக்கும் இடம் 200 மி.மீ. தொலைவு. முதல் நிலையத்தில் வேலை சரியாக அமைந்தது. மூன்றாம் நிலையத்தில் 0.4 மி.மீ. முன்னே தள்ளி விழுந்தது. ஐந்தில் மீண்டும் சரி. ஏழில் 0.4 மி.மீ. பின்னே. திரையிலோ கோணம் நான்கு பதின்ம இடங்கள் வரை, எதிர்பார்த்தபடியே தெரிந்தது.

மேற்பார்வையாளர் திரையைக் காட்டினார். இத்தனை துல்லியமாகக் காட்டும் இயந்திரத்தில் குறையிருக்க முடியாது, பாகங்களைப் பொருத்துபவர்தாம் கவனமின்றி இருக்கிறார் என்றார். இளைஞருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அன்று மாலை வேலியோரம் நின்று அவர் என்னிடம் சொன்ன வாக்கியம் இது: “ஐயா, மெஷின் துல்லியமாத்தான் தப்புப் பண்ணுது.”

நான் அவரைத் திருத்தினேன். “தம்பி, துல்லியம் என்றாலே தவறின்மைதானே? துல்லியமான தவறு என்பது முரண்” என்றேன். அவர் பணிவோடு தலையசைத்துவிட்டுப் போனார். திருத்தியவன் நான், தவறியவனும் நானே. அவர் சொன்னதில் முரண் இல்லை. முரண் நம் சொல்லில் இருந்தது. அதை உணர எனக்குக் காந்த உணரியின் இயல்பைப் படிக்க வேண்டியதாயிற்று.

ஊசியும் காந்தமும்

காந்தம் என்னும் சொல் வடமொழி வழி வந்தது. இரும்புக்கு இனியது என்ற பொருள்தரும் தொடரின் பிற்பகுதி அது. நம் மரபில் காந்தம் மருந்தாகவும் உவமையாகவும் பயின்றுள்ளது. சித்த மருத்துவத்தில் காந்தச் செந்தூரம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பாவிலோ காந்தம் பொறிகளைப் பற்றிய விளக்கத்தில் வருகிறது. ஐம்பொறிகள் உயிரின் துணையால் பொருள்களை அறிகின்றன. ஆயினும் தம்மைத் தாம் அறிவதில்லை. அவ்வாறே உயிரும் இறைவனின் துணையாலேயே அறிகிறது என்று கூறுமிடத்தில், காந்தத்தின் முன் வைத்த இரும்பு உவமையாகிறது. அளக்கும் கருவி தன் அளவை நல்லதா என்பதைத் தானே அறியாது. சமயப் பொருளை ஒருபுறம் வைத்தாலும், இக்கருத்து இவ்வுரை முழுவதும் நமக்குத் துணைவரும்.

நாம் யாவரும் அறிந்த முதல் காந்த உணரி திசைகாட்டி. அச்சொல்லின் அமைப்பையும் கவனியுங்கள். காட்டு என்னும் வினையோடு இகர விகுதி சேர்ந்து, காட்டும் பொருளுக்குப் பெயராயிற்று. சுமைதாங்கி, பூச்சிக்கொல்லி என்பன இவ்வாறு அமைந்தவையே. உணர் என்னும் வினையிலிருந்து உணரி பிறந்ததும் இவ்வழியில்தான். எனவே உணரி என்பது அகராதிக்காரர் வலிந்து கட்டிய சொல் அன்று. பேச்சுத் தமிழே அறிந்த வாய்பாடு.

திசைகாட்டியில் பூமி அசையாத காந்தம், ஊசி அசைகிறது. இயந்திரத்தில் இதைத் தலைகீழாக்கிக் கொள்ளுங்கள். சுழலும் தண்டின் முனையில் ஒரு சிறு காந்தத்தைப் பதிக்கிறார்கள். அதற்கு எதிரே, ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில், அசையாத சில்லு ஒன்று நிற்கிறது. ‘பூமி’ சுழல்கிறது, ‘ஊசி’ நின்ற இடத்தில் நின்றே, பூமி எவ்வளவு சுழன்றது என்று சொல்கிறது. எதுவும் எதையும் தொடுவதில்லை. ஆதலால் தேய்மானம் இல்லை. எண்ணெயும் தூசியும் குளிர்நீரும் ஒளியைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. ஒளியைக் கொண்டு அளக்கும் குறியாக்கிகள் பொதுவாக இவற்றினும் நுண்மையானவை. எனினும் பட்டறையின் அழுக்கில் நின்று பிடிப்பது காந்தமே. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: இரும்புத் தூள் பறக்கும் இடத்தில் அத்தூளைத் தானே ஈர்த்து ஒட்டிக்கொள்ளும்.

தங்கத் தகடு முதல் மெல்லிய படலம் வரை

அசையாத சில்லு எவ்வாறு காந்தத்தை உணர்கிறது? 1879இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எட்வின் ஹால், கண்ணாடி மேல் ஒட்டிய மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தைக் கொடுத்தபோது, மின்னோட்டத்திற்குக் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றியது. ஓடும் ஆற்றை ஒரு பக்கமாகக் காற்று தள்ளினால் ஒரு கரையில் நீர் சற்றே உயர்வதைப் போன்றது இது. எலக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897இல். அதற்கு 18 ஆண்டுகள் முன்பே ஓர் இளைஞர் அதன் போக்கை அளந்துவிட்டார். பொருளுக்குப் பெயர் கிடைக்கும் முன்பே பொருளின் நடத்தையை அறிய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று மொழி மாணவர்க்குக் கிடைக்காது.

இன்னொரு வழியும் உண்டு. சில உலோகங்களின் மின்தடை, காந்தப்புலத்தின் திசைக்கேற்ப மாறுகிறது என்பதை வில்லியம் தாம்சன் 1850களிலேயே கண்டார். அம்மாற்றம் மிகச் சிறியது. 1988இல் பிரான்சின் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியின் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே, சில அணுக்களின் தடிமனே உள்ள உலோகப் படலங்களை அடுக்கி, அம்மாற்றத்தைப் பன்மடங்கு பெருக்கும் வழியைக் கண்டனர். 2007இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1995இல், அறை வெப்பநிலையில் மேலும் பெரிய மாற்றத்தைத் தரும் அமைப்பை அமெரிக்காவில் ஜகதீஷ் மூடேராவின் குழுவும் ஜப்பானில் மியாசாக்கியின் குழுவும் செய்துகாட்டின. மூடேரா சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

இப்படலங்கள் முதலில் பெரும்பயன் தந்தது கணினியின் வன்தட்டுகளில். தட்டில் எழுதப்பட்ட மிகச் சிறிய காந்தக் குறிகளைப் படிக்க அவை உதவின. வன்தட்டு உறுப்புகள் பினாங்கிலும் பெருமளவில் உருவாயின என்பதை இவ்வவையில் மூத்தோர் பலர் அறிவர். உங்கள் வீட்டிலேயே ஒருவர் அவ்வேலை பார்த்திருக்கலாம். தட்டில் எழுதியதைப் படித்த அதே நுட்பம் இன்று இயந்திரத்தின் அளவுகோலைப் படிக்கிறது.

ஒலிநாடாவும் லயத்து வீடுகளும்

அளவுகோல் என்றேன். என் வயதினர்க்கு அதை விளக்குவது எளிது. ஒலிநாடாவில் பாட்டைக் காந்தக் குறிகளாகப் பதிந்து வைத்தோம் அல்லவா? பாட்டுக்கு மாற்றாக, வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று ஒரே சீரான இடைவெளியில் குறிகளைப் பதிந்தால் நாடா அளவுகோலாகிவிடும். சோனி நிறுவனம் 1960களில் ஒலிப்பதிவில் பெற்ற அறிவைக் கொண்டே இத்தகைய காந்த அளவுகோல்களை உருவாக்கியது. நாடாவை நேராக ஒட்டினால் நீளத்தை அளக்கலாம். வளையமாக்கினால் கோணத்தை அளக்கலாம்.

ஒரு வடக்கும் ஒரு தெற்கும் சேர்ந்து 2 மி.மீ. நீளம் என்று கொள்வோம். அதற்குள் இருக்கும் இடத்தை எப்படி அறிவது? அங்குதான் நீங்கள் கற்பிக்கும் முக்கோணவியல் வேலைக்கு வருகிறது. நாடாவின் மேல் நகரும் உணரிக்குப் புலம் ஏறி இறங்கும் அலையாகத் தெரியும். கால் அலைத் தொலைவில் இரண்டு உணரிகளை வைத்தால் ஒன்று சைன் தரும்; மற்றொன்று கொசைன் தரும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் டேஞ்சன்ட். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் கோணம், கோணத்திலிருந்து இடம். அந்த 2 மி.மீ. நீளத்தை 4096 கூறுகளாகப் பிரிக்கும் சில்லுகள் விற்பனையில் உள்ளன. ஒரு கூறு 0.49 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வகுத்தலில் ஓர் அழகு இருக்கிறது. வெப்பம் ஏறினால் காந்தத்தின் வலிமை குறையும். நம் நாட்டு வெயிலில் இது விளையாட்டில்லை. ஆயின் சைனும் கொசைனும் ஒரே விகிதத்தில் குறைவதால், வகுத்துக் கிடைக்கும் ஈவு மாறுவதில்லை. ஊரில் எல்லார் குரலும் ஒரே அளவு தாழ்ந்தாலும், யார் குரல் பெரியது என்பது மாறாததைப் போல.

இனி இன்னொரு வினா. எந்த 2 மி.மீ. என்று எப்படி அறிவது? குறிகள் யாவும் ஒன்றுபோல இருக்கின்றனவே! தோட்டத்து லயத்தில் முகவரி சொல்லும் முறையை நினைத்துப் பாருங்கள். “எங்க வீட்டுலருந்து மூணாவது வீடு” என்று சொல்லலாம். “12ஆம் நம்பர் வீடு” என்றும் சொல்லலாம். முதல் முறையில் கேட்பவருக்கு ‘எங்க வீடு’ எது என்று தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கொண்டே போகும் குறியாக்கி அத்தகையது. மின்சாரம் போய் வந்தால் தான் எங்கிருக்கிறேன் என்பதை மறந்துவிடும். தொடக்கப் புள்ளிக்குத் திரும்பிச் சென்று மீண்டும் எண்ண வேண்டும். இரண்டாம் முறையில் வீட்டு எண் கதவிலேயே இருக்கிறது.

கதவில் எண் எழுதுவதற்குப் பொறியாளர் கையாளும் உத்திகளுள் ஒன்று, நம் மாணவர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கையாளும் வெர்னியர் முறையே. ஒரு வளையத்தில் 32 இணைகள், அருகிலுள்ள இன்னொரு வளையத்தில் 31 இணைகள் எனக் குறிகளைப் பதிவார்கள். இரண்டு அளவீடுகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு முழுச்சுற்றில் ஒவ்வோர் இடத்திலும் வேறுவேறாக இருக்கும். அவ்வேறுபாடே வீட்டு எண். 1631இல் பியர் வெர்னியர் வெளியிட்ட உத்தி, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்தும் சில்லுக்குள் உயிரோடிருக்கிறது.

மேசையில் நேர்ந்தது என்ன?

இப்போது நம் சுழல்மேசைக்குத் திரும்புவோம். அதில் 50 மி.மீ. விட்டமுள்ள காந்த வளையம் ஒன்று இருந்தது. விளிம்பருகே ஒரு படிப்பு முனை. ஒரு சுற்றை 65,536 கூறுகளாகப் பிரிக்கும் அமைப்பு. ஒரு கூறு 0.0055 பாகை. 200 மி.மீ. தொலைவில் இது வெறும் 0.02 மி.மீ. திரையில் நான்கு பதின்ம இடங்கள் தெரிந்ததன் காரணம் இதுவே.

இளைஞர் எச்சரிக்கைக் கடிதத்தோடு ஓய்ந்துவிடவில்லை. டயல் கேஜ் ஒன்றை வைத்து ஒவ்வொரு நிலையத்திலும் பத்து முறை அளந்தார். ஒரே நிலையத்தில் பத்து அளவீடுகளும் 0.02 மி.மீ. எல்லைக்குள் ஒன்றுபோல இருந்தன. மேசை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நின்றது. அந்த இடம்தான் தவறான இடம்.

காரணம் பிறகு தெரியவந்தது. வளையத்தைப் பொருத்தியபோது அதன் மையம் தண்டின் மையத்திலிருந்து 0.05 மி.மீ. விலகியிருந்தது, ஒரு தலைமுடியின் தடிமனை ஒத்த அளவு. அவ்விலகலை வளையத்தின் ஆரமாகிய 25 மி.மீ. கொண்டு வகுத்தால் 0.002 ரேடியன். 200 மி.மீ. தொலைவில் அது 0.4 மி.மீ. பிழை, ஒரு சுற்றில் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும் சைன் அலை. முதலிலும் ஐந்திலும் சுழி, மூன்றிலும் ஏழிலும் உச்சம். அவர் கண்டது அட்சரம் பிசகாமல் அதுவே. கருவி பிரித்துக் காட்டிய கூற்றின் அளவு 0.02, பிழை 0.4. இருபது மடங்கு. திரையின் நான்கு பதின்ம இடங்கள் பொய் சொல்லவில்லை. அவை வேறொரு வினாவுக்கு விடை சொன்னவை.

அளவைக்கு மூன்று வினாக்கள் உண்டு. கருவி எவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிரித்துக் காட்டுகிறது? திரும்பத் திரும்ப அளந்தால் அதே விடை வருகிறதா? வந்த விடை உண்மைக்கு எவ்வளவு நெருக்கம்? மூன்றும் வேறுவேறு. ஒன்று சிறந்திருப்பதால் மற்றவை சிறந்திரா. தமிழில் நாம் மூன்றுக்கும் துல்லியம் என்ற ஒரே சொல்லை நீட்டுகிறோம். மேற்பார்வையாளர் முதல் வினாவின் விடையைக் கொண்டு மூன்றாம் வினாவை மூடினார். இளைஞர் இரண்டாம் வினாவுக்கு ‘ஆம்’ என்றும் மூன்றாம் வினாவுக்கு ‘இல்லை’ என்றும் ஒரே மூச்சில் சொன்னார். கையிலிருந்தது ஒரே சொல். ஆதலின் வாக்கியம் முரணாகக் கேட்டது.

என் பங்கு

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தொழிற்பயிற்சி மாணவர்க்கான சொற்பட்டியல் ஒன்றைச் சரிபார்க்கும் பணி என்னிடம் வந்தது. அளவை பற்றிய பகுதியில் ஆங்கிலச் சொற்கள் மூன்று வெவ்வேறாக இருந்தன. எதிரே தமிழில் மூன்றிடத்தும் துல்லியம் என்றிருந்தது. சந்தி சரியாக இருக்கிறதா, எழுத்துப்பிழை உண்டா என்று பார்த்தேன். மூன்று பொருளுக்கு ஒரு சொல் போதுமா என்று கேட்கவில்லை. ஒப்பமிட்டு அனுப்பினேன். என் திருத்தம், அந்தச் சுழல்மேசையைப் போலவே, ஒவ்வொரு வரியிலும் மாறாமல் தவறியது.

அவ்விளைஞர் தம் அறிக்கையை மலாயில் எழுத வேண்டியிருந்தது. முதலில் ‘தெப்பாட்’ என்ற சொல்லை எழுதினார். அன்றாட மலாயில் அதுவும் நம் துல்லியம் போன்றதே, மேற்பார்வையாளர் ஏற்கவில்லை. பின்னர், இடைநிலைப் பள்ளி அறிவியலில் படித்த இரண்டு சொற்கள் அவருக்கு நினைவுக்கு வந்தன. ‘கெஜித்துவான்’ என்பது உண்மைக்கு நெருக்கம். ‘கெபெர்சிசான்’ என்பது அளவீடுகள் ஒன்றையொன்று ஒத்திருத்தல். அவ்விரு சொற்களையும் தலைப்புகளாக்கி, தம் அளவீடுகளை அட்டவணையிட்டுக் கொடுத்தார். அதன் பிறகே வளையத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. இரண்டு சொற்கள் ஒருவரின் பிழைப்பைக் காத்தன. அவற்றை அவருக்குக் கொடுத்தது நம் தேசிய மொழி. அதில் எனக்கு மகிழ்ச்சியே. தாய்மொழி அவருக்கு அதைக் கொடுக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

சொல்லைத் தேடி

தமிழால் இது முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் சொற்கள் யாவும் நிலைத்தன என்று கூற இயலாது. ஆனால் அவை பாடம் நடத்தும்போது, உறுப்பைச் சுட்டிக்காட்டும்போது தேவைப்பட்ட சொற்கள். அவற்றுக்கு எதிரே ஒரு பொருள் இருந்தது. நான் ஒப்பமிட்ட பட்டியலில் சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல் மட்டுமே இருந்தது.

தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடநூல் உண்மைக்கு நெருக்கத்தைத் துல்லியத்தன்மை என்றும், அளவீடுகளின் ஒப்புமையை நுட்பம் என்றும் பிரிக்கிறது. பிரித்தது நன்று. ஆயினும் நுட்பம் என்றதும் நம் மனம் நுண்மையை நோக்கி ஓடுகிறது. நுண்மை, சிறிய கூற்றைப் பிரித்துக் காட்டும் ஆற்றலல்லவா? இரண்டு வினாக்கள் மீண்டும் கலந்துவிடும். திரும்ப வருதல் என்ற பொருளில் மீள்தன்மை எனலாமே என்று நானும் எண்ணினேன். இயற்பியலில் அது நீட்டிய கம்பிச்சுருள் பழைய வடிவுக்குத் திரும்புவதற்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது. ஒரு சொல்லைத் தேர்வதில் பாதி வேலை, அண்டை வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று பார்ப்பதே.

ஆதலால் ஆசிரியர்கள் ஆராய்வதற்கென மூன்று சொற்களை முன்வைக்கிறேன். சிறிய கூற்றைப் பிரித்துக் காட்டும் ஆற்றலுக்குப் பிரிதிறன். இது ஏற்கெனவே வழக்கில் உள்ளது. உண்மைக்கு நெருக்கமாயிருத்தலுக்குத் துல்லியம். மற்ற இரண்டு சுமைகளையும் இறக்கிவைத்த துல்லியம். திரும்பத் திரும்ப அதே விடை தருதலுக்கு மாறாமை. எதிர்மறை வினையிலிருந்து தொழிற்பெயர் அமைப்பது தமிழின் பழைய வளம். கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை என்று திருக்குறள் அதிகாரப் பெயர்களே அவ்வாறு அமைந்தவை. அம்மரபில் மாறாமை இயல்பாக நிற்கும் என்பது என் எண்ணம். இனி அவ்விளைஞரின் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுங்கள்: பிரிதிறன் உண்டு, மாறாமை உண்டு, துல்லியம் இல்லை. முரண் எங்கே போயிற்று?

இம்மூன்றையும் பிரிப்பதால் கிடைக்கும் பெரிய பயன் ஒன்று உண்டு. மாறாத தவறைத் திருத்த முடியும். எந்த இடத்தில் எவ்வளவு பிழை என்று ஒருமுறை அட்டவணையிட்டுவிட்டால், கட்டுப்பாட்டுக் கருவி அதைக் கழித்துக்கொள்ளும். அல்லது வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு படிப்பு முனைகளை வைத்துச் சராசரி எடுத்தால், மைய விலகலின் பிழை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தவறும் முறை நாளுக்கொரு விதமாக இருந்தால் அட்டவணை உதவாது; தளர்ந்த திருகையோ தேய்ந்த தாங்கியையோதான் தேட வேண்டும். ஆகவே நோய் துல்லியத்திலா மாறாமையிலா என்று பிரித்தறிவதே மருத்துவத்தின் முதற்படி. சொல் இல்லையேல் அந்தப் படியும் இல்லை.

வகுப்பறையில் ஒரு பாடம்

ஆசிரியப் பெருமக்களே, இச்சொற்களை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்விக்க வேண்டாம். ஒரு சாதாரணத் திசைகாட்டி, ஒரு சட்டகாந்தம், பாகைமானி ஆகிய மூன்றும் போதும்.

முதலில் காந்தத்தை, திசைகாட்டிக்கு நேர் மேலே ஒரு கையகல உயரத்தில், படுக்கையாகப் பிடித்துச் சுழற்றுங்கள். காந்தம் 45 பாகை திரும்பினால் ஊசியும் ஏறத்தாழ அவ்வளவே அதே பக்கம் திரும்பும். அடுத்து, காந்தத்தை மேசைமீது திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு கையகலம் தள்ளி வையுங்கள். அதன் முனை திசைகாட்டியை நேராக நோக்கும் நிலையிலிருந்து, மையம் நகராமல் 45 பாகை திருப்புங்கள். ஊசி எதிர்ப்பக்கம் திரும்பும். அதுவும் 45 பாகை அன்று, 27 பாகைக்கு அருகில். பக்கவாட்டில் காந்தப்புலம் அமையும் வகை அத்தகையது. ஊசி திரும்பும் கோணத்தின் டேஞ்சன்ட், காந்தம் திரும்பிய கோணத்தின் டேஞ்சன்டில் பாதி. பூமியின் புலமும் சற்றே குறுக்கிடும் என்பதால் விடை சிறிது முன்பின்னாகலாம்.

மாணவரைப் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். திசைகாட்டியில் படிக்கக்கூடிய மிகச் சிறிய கூறு எது? அது பிரிதிறன். பத்து விடைகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன? அது மாறாமை. 45 என்ற உண்மையிலிருந்து எவ்வளவு விலகின? அது துல்லியம். துல்லியமான தவறை அவர்கள் தம் கையால் செய்து, தம் கண்ணால் காண்பார்கள். பிறகு 10, 20, 30 பாகைகளுக்கு அட்டவணையிட்டு, ஊசியின் விடையிலிருந்து காந்தத்தின் உண்மைக் கோணத்தைத் திரும்பக் கண்டறியச் சொல்லுங்கள். தொழிற்சாலைப் பொறியாளர் செய்வதும் அதுவே.

அன்பார்ந்த மாணவர்களே, திரையில் பதின்ம இடங்கள் நீண்டு தெரியும்போது மயங்காதீர்கள். எந்த வினாவுக்கு இது விடை என்று கேளுங்கள். கருவி தன்னைத் தானே அறியாது என்பது எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மொழியில் சிந்திக்கப்பட்ட கருத்து. கருவியை அறிய வேண்டியவர் நீங்கள். அறிந்ததைச் சொல்லவும் வேண்டும். சொல்லுவதற்குச் சொல் வேண்டும்.

நான் சரிபார்த்த அந்தப் பட்டியலுக்குத் திருத்தம் எழுதி உரியவர்களுக்கு அனுப்பியுள்ளேன். அனுப்பும் முன் அவ்விளைஞரிடம் காட்டினேன். மாறாமை என்ற சொல்லை இருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். “இது முன்னாடியே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், ஐயா” என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. இந்த மேடையில் சொல்ல எண்ணிக் காத்திருந்தேன்: உண்மைதான், தம்பி.